மக்காச்சோள மணியில என்சைம் 90% போனாலும் ஸ்டார்ச் ஏன் அவ்ளோ குறையல? மியூட்டன்ட் டேட்டா படிக்கத் தெரிஞ்சவங்க வாங்க

பால்பருவம்:
எல்லாருக்கும் வணக்கம். எம்எஸ்சி செமினாருக்கு மக்காச்சோள எண்டோஸ்பெர்ம் (மணியோட மாவுப்பகுதி) மியூட்டன்ட்ஸ், அதாவது ஏதாவது ஒரு ஜீன் கெட்டுப்போன வகைகள், எடுத்திருக்கேன், எடுக்கும்போது ஈஸின்னு நினைச்சேன். புக்ல ஒரு டேபிள் இருக்கும்ல, இந்த ஜீன் கெட்டா இந்த என்சைம் போகும்னு. மினியேச்சர்-1 போனா இன்வர்டேஸ், ஷ்ரங்கன்-1 போனா சுக்ரோஸ் சிந்தேஸ், ஷ்ரங்கன்-2 இல்ல பிரிட்டில்-2 போனா ஏடிபி-குளுக்கோஸ் பைரோபாஸ்பரிலேஸ் (இனி ஏஜிபேஸ்னே போடுறேன், கை வலிக்குது), வேக்ஸி போனா அமைலோஸ் பண்ற ஸ்டார்ச் சிந்தேஸ். அது வரைக்கும் ஓகே. ஆனா நம்பரைப் பாத்தா தலை சுத்துது. ஷ்ரங்கன்-1ல என்சைம் ஆக்டிவிட்டி (வேலை செய்யற வேகம்) 90%க்கு மேல காலி, ஸ்டார்ச் மட்டும் 22% தான் கம்மி. ஷ்ரங்கன்-2லயும் ஆக்டிவிட்டி கிட்டத்தட்ட அதே மாதிரி காலி, ஆனா ஸ்டார்ச் கால்வாசிக்கு வந்துடுது. இது போதாதுன்னு ஒரு ஜீன் கெட்டா சம்பந்தமே இல்லாத வேற என்சைமும் குறையுதுன்னு போட்டிருக்காங்க. எது நேரடி விளைவு, எது சைடு எஃபெக்ட்னு எப்படிப் பிரிக்கிறது?

ஜெல்ஓட்டி:
தம்பி, டேபிளை மூடி வெச்சுட்டு முதல்ல சக்கரை போற ரூட்டைப் பாரு. இலையிலேர்ந்து சுக்ரோஸ் மணியோட காம்பு வரைக்கும் வரும். காம்புக்கும் எண்டோஸ்பெர்முக்கும் நடுவுல நேரா குழாய் எதுவும் கிடையாது, அடியில இருக்கற டிரான்ஸ்ஃபர் செல்கள் தான் உள்ள இழுக்கணும். அந்த இடத்துல செல் சுவர்ல ஒட்டிக்கிட்டு இருக்கற இன்வர்டேஸ் சுக்ரோஸைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ்னு உடைக்கும். உள்ள போனதும் பெரும்பகுதி திரும்ப சுக்ரோஸாச் சேரும், அப்புறம் சுக்ரோஸ் சிந்தேஸ் அதை யுடிபி-குளுக்கோஸ் ஆக்கும், அதுலேர்ந்து குளுக்கோஸ்-1-பாஸ்பேட், அதையும் ஏடிபியையும் சேத்து ஏஜிபேஸ் ஏடிபி-குளுக்கோஸ் பண்ணும். இங்க ஒரு விசேஷம், இலையில ஏஜிபேஸ் செல்லுக்குள்ள இருக்கற பிளாஸ்டிட்ங்கற பை உள்ள இருக்கும், மக்காச்சோள எண்டோஸ்பெர்ம்ல 95% கிட்ட வெளிய சைட்டோசால்ல (செல்லோட திரவத்துல) தான் இருக்கு, 1996ல வந்த ரிசல்ட் இது. அதனால ஏடிபி-குளுக்கோஸை அமைலோபிளாஸ்ட் (ஸ்டார்ச் சேர்ற பிளாஸ்டிட்) உள்ள கடத்த தனியா ஒரு ஆள் வேணும், அது தான் பிரிட்டில்-1. அது கெட்டா என்சைம் எல்லாம் நல்லாத்தான் இருக்கும், சரக்கு வெளியவே தேங்கி நிக்கும், ஸ்டார்ச் வராது. இந்த மாதிரி கேஸை என்சைம் அசே (ஆக்டிவிட்டி அளக்கற டெஸ்ட்) மட்டும் பண்ணி ஜென்மத்துக்கும் கண்டுபிடிக்க முடியாது.

இப்போ உன் கேள்வி. 1996ல ஃப்ளோரிடாவுல சௌரே குரூப் மினியேச்சர்-1 தான் செல்சுவர் இன்வர்டேஸ் ஜீன்னு காட்டினாங்க. ஜீன் காப்பி எவ்ளோவோ ஆக்டிவிட்டியும் கிட்டத்தட்ட அவ்ளோ, நேர்கோடு. ஆனா மணி அப்படி இல்ல. மொத்த ஆக்டிவிட்டியில 90% வாக்குல எடுத்துட்டாலும் மணிக்கு எந்தப் பிரச்சினையும் இல்ல, நார்மல் லெவல்ல 6%க்குக் கீழ போன பிறகு தான் மணி சுருங்க ஆரம்பிக்குது, அதுக்குக் கீழ போற ஒவ்வொரு துளிக்கும் மணி விலை கொடுக்குது. டோல்கேட்ல பத்து கவுண்டர் இருக்கு, வர்றதே நாலு வண்டின்னா ஒம்போது கவுண்டரை மூடினாலும் யாரும் ஹாரன் அடிக்க மாட்டாங்க, பத்தாவதையும் பாதி மூடினாத்தான் ஊரே நிக்கும்.

சந்தேகசிகாமணி:
அப்போ மிச்சம் 94% சும்மாவா? செடி இவ்ளோ புரோட்டீனை வேலையத்துப் போய்ச் செஞ்சு வெச்சிருக்கா? எனக்கு இது இடிக்குது.

ஜெல்ஓட்டி:
சிகா, ரெண்டு விஷயம். நாம டெஸ்ட் டியூப்ல அளக்கறது அந்த என்சைமால அதிகபட்சம் எவ்ளோ முடியும்னு தான். சப்ஸ்ட்ரேட்டை (என்சைம் மாத்தற பொருளை) கொட்டிக் குடுத்து, பிடிச்ச பிஎச் குடுத்து, தடுக்கற சாமான் எல்லாம் நீர்த்துப் போன நிலைமையில ஓட விடறோம். உயிரோட இருக்கற மணிக்குள்ள அது எவ்ளோ வேகத்துல ஓடுதுங்கறது வேற கதை. ரெண்டாவது, அந்த 6% கணக்கு நல்லா தண்ணி பாய்ச்சி வளத்த செடியோடது. பூ பூக்கற நேரத்துல வறட்சி வந்தா பிஞ்சுல இன்வர்டேஸ் விழும், அந்தச் சமயத்துல தான் மணி பிடிக்காம கதிர் பொக்கையாப் போகும். தண்டுக்குள்ள சுக்ரோஸ் ஏத்தி விட்டு அதுல ஒரு பங்கு மணியைக் காப்பாத்தியும் காட்டியிருக்காங்க. அதனால கூடுதலா இருக்கறதை வேஸ்ட்னு சொல்லிட முடியாது.

அமைலோஸ்அக்கா:
பால்பருவம், ஷ்ரங்கன்-1க்கு வரேன். அந்த 22% நம்பர் எங்கேர்ந்து வந்ததுன்னு பாத்தியா? 1998 வேலை. எண்டோஸ்பெர்ம்ல சுக்ரோஸ் சிந்தேஸ் ஒண்ணு இல்ல, எஸ்எச்1, எஸ்யுஎஸ்1னு ரெண்டு ஐசோசைம் (ஒரே வேலை பண்ற, வேற வேற ஜீனோட என்சைம்) இருக்கு. ஆக்டிவிட்டியில 90%க்கு மேல எஸ்எச்1 தான். அது போனா ஸ்டார்ச் 22% குறையுது. எஸ்யுஎஸ்1 மட்டும் போனா மணி பாக்க நார்மல். ரெண்டும் சேந்து போனா ஸ்டார்ச் 53%க்கு வந்துடுது, அதாவது 47% குறையுது. பாரு, அளவுல பத்துல ஒரு பங்கு கூட இல்லாத ஐசோசைம் தான் ஸ்டார்ச்சுக்கு அதிகம் உழைச்சிருக்கு. பெருசா நம்பர் காட்டற எஸ்எச்1 முக்கியமா செல் சுவர் கட்டறதுக்கு யுடிபி-குளுக்கோஸ் குடுத்துட்டு இருந்திருக்கு, அதனால தான் ஷ்ரங்கன்-1 மணியில சுவர் வீக்காகி உச்சி உள்ள விழுந்துடுது. மொத்த ஆக்டிவிட்டி எவ்ளோன்னு கேக்கறதை விட எந்த ஐசோசைம், எந்த செல், எத்தனாவது நாள்னு கேளு.

ஏஜிபேஸ் கதையே வேற. அது ரெண்டு வகை சப்யூனிட் (புரோட்டீன் துண்டு), வகைக்கு ரெண்டுன்னு மொத்தம் நாலு சேந்த என்சைம். பெரிய சப்யூனிட் ஷ்ரங்கன்-2, சின்னது பிரிட்டில்-2. எது கெட்டாலும் ஜோடி சேராது. 1966ல பர்டியூவுல சாயும் நெல்சனும் சயின்ஸ்ல போட்ட பேப்பர் தான் ஆரம்பம், ஸ்டார்ச்சுக்கு இந்த ரூட் தான் மெயின்னு இந்த மியூட்டன்டை வெச்சுத்தான் நம்ப ஆரம்பிச்சாங்க. மிச்சமா கொஞ்சம் ஆக்டிவிட்டி தெரியுதே, அதுல கருவுல ஓடற வேற ஜீன்களோட பங்கும் இருக்கு. முழு மணியை அரைச்சா கரு, தோல், காம்பு எல்லாம் கலந்து தான் வரும், அப்புறம் "மியூட்டன்ட்ல இன்னும் ஆக்டிவிட்டி இருக்கே"ன்னு ஆச்சரியப்பட்டுப் பிரயோஜனம் இல்ல.

இன்னொண்ணும் பாத்துக்கோ, ஆக்டிவிட்டியை எதால வகுத்திருக்காங்கன்னு. ஷ்ரங்கன்-2ல ஸ்டார்ச் இல்லாததால மணியோட காய்ஞ்ச எடையே கம்மி, அப்போ புரோட்டீன் சதவீதம் தானா ஏறித் தெரியும். ஒரு கிராம் காய்ஞ்ச எடைக்கு எவ்ளோன்னு போட்டா எந்த மாற்றமும் இல்லாத என்சைம் கூட "கூடிடுச்சு"ன்னு வரும். ஒரு மணிக்கு எவ்ளோன்னு போட்டா அதே என்சைம் அப்படியே இருக்கும். ஒரு மில்லிகிராம் புரோட்டீனுக்குன்னு போட்டா மூணாவதா ஒரு கதை. "சம்பந்தமில்லாத என்சைம் மாறுது"ன்னு நீ பாத்ததுல ஒரு பங்கு வெறும் வகுத்தல் கணக்கு தான்.

மேட்டாங்காடு:
பெரியவங்க பேசறதுக்கு நடுவுல வரேன், மன்னிக்கணும். நான் ஸ்வீட் கார்ன் போடறவன். ஷ்ரங்கன்-2ங்கற பேரு விதைப் பாக்கெட் பத்தி பேசறப்ப காதுல விழுந்திருக்கு, அதான் உள்ள வந்தேன். எனக்கு ரெண்டு கேள்வி. ஒண்ணு, விதை ஏன் இப்படிச் சுருங்கி வத்தலா இருக்கு, முளைப்பும் கம்மி. ரெண்டு, பக்கத்துக் காட்டுல கோழித்தீவன மக்காச்சோளம் போட்ட வருஷம் என் கதிர்ல பாதி மணி இனிப்பே இல்லாம கடுக்கா இருந்துச்சு. விதைக்காரர் மண்ணைக் குறை சொல்றாரு.

கதிர்_பிரீடர்:
வாங்கண்ணே, நீங்க கேட்டது இந்த இழைக்கு ரொம்பப் பொருத்தம். மண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. மணியோட மாவுப்பகுதி அதாவது எண்டோஸ்பெர்ம்ல தாய் பக்கம் ரெண்டு பங்கு, மகரந்தத்துலேர்ந்து ஒரு பங்குன்னு ஜீன் மூணு செட் வரும். உங்க செடி ரெண்டு செட்டும் கெட்ட ஷ்ரங்கன்-2 குடுக்குது. பக்கத்துக் காட்டு மகரந்தம் காத்துல வந்து உக்காந்தா ஒரு நல்ல செட் வந்துடும். ஏஜிபேஸ் ஓட அந்த ஒண்ணே போதும், சக்கரை எல்லாம் ஸ்டார்ச் ஆகி மணி கடுக்காகிடும். அப்பன் குணம் அதே வருஷ மணியில தெரியறதை சீனியா எஃபெக்ட்னு சொல்லுவோம்.

இதுல இன்னொரு வில்லங்கமும் இருக்கு. பழைய ரக ஸ்வீட் கார்ன் சுகரி-1 ஜீனை வெச்சது, சூப்பர் ஸ்வீட் ஷ்ரங்கன்-2 வெச்சது. ரெண்டும் ஸ்வீட் கார்ன் தானேன்னு பக்கம் பக்கமா போட்டா ஒண்ணுக்கொண்ணு மகரந்தம் விழுந்து, இவன் இல்லாததை அவன் குடுத்து, அவன் இல்லாததை இவன் குடுத்து, மணி எல்லாம் மாவா நிக்கும். அதனால தள்ளிப் போடணும், இல்லேன்னா பூ வர்ற தேதி ஒரு ரெண்டு வாரம் தள்ளிப் போற மாதிரி விதைக்கணும்.

முளைப்பு விஷயம், விதைக்குச் சாப்பாடே அந்த ஸ்டார்ச் தான். அதைக் கெடுத்துத் தானே இனிப்பை வாங்கினோம். போதாததுக்குச் சக்கரை அதிகம்ங்கறதால தண்ணியை வேகமா உறிஞ்சும், தோல் வெடிக்கும், உள்ளேர்ந்து சக்கரை கசிஞ்சு பூஞ்சாணத்தைக் கூப்பிடும். ஈரமும் குளிருமா இருக்கற மண்ணுல போடாதீங்க, மருந்து நேர்த்தி பண்ணின விதையா வாங்குங்க. 1953ல இல்லினாய்ஸ்ல லாஃப்னன் இந்த மணியில சக்கரை எக்கச்சக்கமா இருக்குன்னு எழுதினப்போ விதைக் கம்பெனிங்க பெருசா கண்டுக்கலையாம், அதுக்குக் காரணமே இந்தச் சுருங்கின விதை தான்.

மேட்டாங்காடு:
ரொம்ப நன்றிங்க. அடுத்த போகத்துல தேதி தள்ளிப் போட்டுப் பாக்கறேன். விதைக்காரர்கிட்ட இதை அப்படியே படிச்சுக் காட்டப் போறேன்.

பால்பருவம்:
கதிர் அண்ணா, மூணு செட்டுன்னு சொன்னீங்களே, அப்போ 0, 1, 2, 3 டோஸ் வெச்சு ஆக்டிவிட்டியை அளக்கலாமா?

கதிர்_பிரீடர்:
அளந்தே இருக்காங்கப்பா. வேக்ஸி தான் அழகான கேஸ். சீனாவுலேர்ந்து போன விதையை 1909ல காலின்ஸ் அமெரிக்காவுல விவரிச்சாரு, 1962ல நெல்சனும் ரைன்ஸும் என்சைம் இல்லங்கறதைக் காட்டினாங்க, 1974ல டோஸ் கணக்கு வந்துச்சு. ஸ்டார்ச் துகள்ல ஒட்டின சிந்தேஸ் ஆக்டிவிட்டி டோஸுக்குத் தகுந்த மாதிரி படிப்படியா ஏறும். ஆனா ஒரே ஒரு நல்ல டோஸ் இருந்தாலும் அயோடின் போட்டா நீலமாத் தான் காட்டும், மூணும் கெட்டாத்தான் செம்பழுப்பு. ஜெல்ஓட்டி சொன்ன இன்வர்டேஸ் கதை தான் இங்கயும், என்சைம் படியேறும், கண்ணுக்குத் தெரியற குணம் அதே மாதிரி ஏறாது.

இடையில இன்னொண்ணு, கெட்ட ஜீன் எல்லாம் ஒரே அளவுக்குக் கெட்டதில்ல. ஷ்ரங்கன்-2லயே "ஐ"ன்னு ஒரு அலீல் (அதே ஜீனோட இன்னொரு வடிவம்) இருக்கு, இன்ட்ரான் (ஆர்என்ஏலேர்ந்து வெட்டி எறியற துண்டு) முடியற இடத்துல ஒத்த எழுத்து மாறினது. ஸ்ப்ளைசிங் (அந்த வெட்டி ஒட்டற வேலை) பெரும்பாலும் தப்பிப் போகும், ஆனாலும் கொஞ்சம் சரியான ஆர்என்ஏ வந்துடும். மணி அவ்ளோ சுருங்காது, முளைப்பு பரவாயில்ல. பிரீடருக்கு இந்த மாதிரி அரைகுறை அலீல் தான் தங்கம், முழு நாசமான அலீலை வெச்சு பேப்பர் எழுதலாம், விதை விக்கிறது கஷ்டம்.

பால்பருவம்:
சூப்பர். ஆனா என் முக்கியக் கேள்வி இன்னும் நிக்குது. வகுத்தல் கணக்கை எல்லாம் சரி பண்ணின பிறகும் வேற என்சைம் குறையுதே, அது?

அமைலோஸ்அக்கா:
அது நிஜமாவே நடக்கும், அதுலயும் ஒரே காரணம் கிடையாது. மினியேச்சர்-1லயே பாரு, கெட்டது செல்சுவர் இன்வர்டேஸ் ஜீன், ஆனா கரையற இன்வர்டேஸும் கூடவே விழுது. அது வேற ஜீனா இருக்கணும், சக்கரை அளவு மாறினதும் அதுக்கு ஏத்த மாதிரி இறங்கியிருக்கலாம்னு தான் அவங்களே எழுதினாங்க. இது ஒரு வகை, மெட்டபாலிசம் வழியா வர்ற விளைவு.

அடுத்த வகை, என்சைம்கள் கூட்டணியா நிக்கறது. சுகரி-1 ஜீன் ஐசோஅமைலேஸ் வகை டீபிராஞ்சிங் என்சைமோடது (ஸ்டார்ச் கிளையை வெட்டறது), 1995ல அயோவா ஸ்டேட்ல ஜேம்ஸும் மையர்ஸும் குளோன் பண்ணினாங்க. ஆனா அதுக்கு முன்னாடி ரொம்ப வருஷம் ஆராய்ச்சிக்காரங்க சுகரி மணியில புல்லுலனேஸ்ங்கற இன்னொரு டீபிராஞ்சிங் என்சைம் குறையறதைப் பாத்து அது தான் அந்த ஜீனோன்னு குழம்பினாங்க. புல்லுலனேஸ் ஜீன் எங்கயோ தனியா நல்லாத்தான் இருக்கு, ஆக்டிவிட்டி மட்டும் இறங்குது. டல்-1ம் அதே. ஜீன் ஸ்டார்ச் சிந்தேஸ்-3, ஆனா கிளை போடற பிராஞ்சிங் என்சைம் 2ஏவும் சேந்து இறங்கும். பின்னாடி தான் தெரிஞ்சுது, அமைலோபிளாஸ்ட்ல ஸ்டார்ச் சிந்தேஸும் பிராஞ்சிங் என்சைமும் ஒண்ணோடொண்ணு ஒட்டிப் பெரிய காம்ப்ளெக்ஸா இருக்கு. ஒரு ஆள் இல்லேன்னா மத்தவன் நிலைக்காம போகலாம், இல்ல வேற இடத்துல போய் ஒட்டலாம்.

மூணாவது வகைக்கு ஓபேக்-2. 1964ல பர்டியூவுல மெர்ட்ஸ், பேட்ஸ், நெல்சன் லைசின் கூடினதைக் கண்டுபிடிச்சாங்களே அது. அந்த ஜீன் என்சைமே இல்ல, மத்த ஜீன்களை ஓட விடற டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர். அதனால மணியில சேமிப்பா இருக்கற ஸீன் புரோட்டீன் குறையும், லைசினை உடைக்கற என்சைமோட ஆக்டிவிட்டி குறையும், பைருவேட் பாஸ்பேட் டைகைனேஸ் ஒரு வடிவம் குறையும், எல்லாம் ஒரே ஜீனால. இதைப் போய் "ஓபேக்-2 லைசின் என்சைம் மியூட்டன்ட்"னு ஸ்லைடுல போட்டுடாத, கேள்வி கேக்கறவங்க விட மாட்டாங்க.

பிரிக்கிற வழி ஒண்ணு தான்டா கண்ணா. ஒரே ஜீன்ல வேற வேற இடத்துல அடிபட்ட பல அலீல் எடு. அலீல் மாற மாற எந்த என்சைமோட தன்மையே மாறுதுன்னு பாரு, அதாவது சூடு தாங்கறது, சப்ஸ்ட்ரேட் பிடிக்கிறது, ஜெல்ல நகர்ற வேகம். அளவு மட்டும் குறைஞ்சா பக்க விளைவா இருக்கலாம். புரோட்டீனோட குணமே மாறினா அந்த ஜீன் அந்த புரோட்டீனைத் தான் எழுதுதுன்னு அடிச்சுச் சொல்லலாம்.

சந்தேகசிகாமணி:
சரி அக்கா, கெடுக்கிறதையே பேசறோம். கூட்டினா? ஏஜிபேஸ் தான் பாட்டில்நெக்குன்னா அதை முடுக்கி விட்டா மகசூல் ஏறணுமே. ஏன் இன்னும் ஏறல?

ஜெல்ஓட்டி:
இதுக்குத் தான் காத்திருந்தேன் 😄 ஹன்னா லேப், கெய்ன்ஸ்வில். பார்பரா மெக்ளின்டாக் கண்டுபிடிச்ச டிஎஸ் டிரான்ஸ்போசான் (இடம் விட்டு இடம் குதிக்கற டிஎன்ஏ துண்டு, 1983 நோபல் அதுக்குத் தான்) ஷ்ரங்கன்-2க்குள்ள உக்காந்திருந்த ஒரு லைன் எடுத்தாங்க. அது வெளிய குதிச்சுப் போறப்ப சில நேரம் தடம் விட்டுட்டுப் போகும். அப்படி வந்த ஒரு ரிவர்டன்ட் (கெட்ட ஜீன் திரும்ப வேலை செய்ய ஆரம்பிச்சது), பேரு ரெவ்6, டைரோசின், செரின்னு ரெண்டு அமினோ ஆசிட் கூடுதலா சேந்துடுச்சு. நார்மலா ஏஜிபேஸை பாஸ்பேட் அமுக்கும், 3-பாஸ்போகிளிசரேட் தட்டி எழுப்பும். ரெவ்6 பாஸ்பேட்டுக்கு அசையவே இல்ல. மணி எடை 11லேர்ந்து 18% வரைக்கும் ஏறுச்சு, 1996ல வந்துச்சு. டெஸ்ட் டியூப்ல அளக்கற அதிகபட்ச ஆக்டிவிட்டி ஏறினதால இல்ல, பிரேக் பிடிக்காததால. உன் முதல் கேள்விக்கும் இதுல பதில் இருக்கு சிகா.

இன்னொரு பலவீனம் சூடு. மக்காச்சோள எண்டோஸ்பெர்ம் ஏஜிபேஸை 57 டிகிரியில 5 நிமிஷம் வெச்சா 96% செத்துடும். அதனால சூடு தாங்கற மியூட்டன்டைத் தேடி, 333வது இடத்துல ஹிஸ்டிடின் டைரோசினா மாறினதைப் பிடிச்சாங்க, 1998. அப்புறம் இந்த மாதிரி மாத்தின ஷ்ரங்கன்-2வை டிரான்ஸ்ஜீனா (லேப்ல புகுத்தின ஜீனா) மக்காச்சோளத்துலயே போட்டு வயல்ல பாத்தாங்க, 2012 பேப்பர், மகசூல் 64% வரைக்கும் கூடுச்சு.

சந்தேகசிகாமணி:
64ஆ?! மணி என்ன குண்டூசி தலையிலேர்ந்து கோலிகுண்டாவா ஆச்சு? நம்பற மாதிரி இல்லயே.

ஜெல்ஓட்டி:
அங்க தான் ட்விஸ்ட். மணி எடை ஏறவே இல்ல, மணி எண்ணிக்கை ஏறுச்சு. அதுவும் மணிக்குள்ள அந்த ஜீன் இருக்கா இல்லயாங்கறது பொருட்டே இல்ல, தாய்ச்செடிகிட்ட இருந்தாப் போதும். மகரந்தம் விழுந்த முதல் 4 நாள் பகல் சூடு எப்படிங்கறதைப் பொறுத்து தான் பலன். அதாவது எண்டோஸ்பெர்ம்ல ஸ்டார்ச் ரொப்பறதுக்கு ரொம்ப முன்னாடியே, தாய்த்திசுவுல ஏஜிபேஸ் சூட்டைத் தாங்கி நின்னதால உதிர்ந்து போக வேண்டிய பிஞ்சு பிழைச்சுக்கிச்சு. எல்லாரும் எண்டோஸ்பெர்ம் எண்டோஸ்பெர்ம்னு அளந்துட்டு இருக்க, ஆட்டம் வேற கிரவுண்டுல நடந்திருக்கு.

அமைலோஸ்அக்கா:
"வரைக்கும்"ங்கற வார்த்தையைக் கவனிங்க மக்களே, எல்லா ஊர்லயும் எல்லா வருஷமும் 64ன்னு யாரும் சொல்லல. சூடே இல்லாத ஊர்ல இதால என்ன லாபம்? ஆனா ஜெல்ஓட்டி சொன்ன பாயின்ட் சரி, எந்தத் திசு, எந்த நாள்ங்கறதை விட்டுட்டு ஆக்டிவிட்டின்னு ஒரு ஒத்தை நம்பர் போட்டா அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

பால்பருவம்:
செமினாருக்குப் போதும் போதும்ங்கற அளவுக்குக் கிடைச்சிடுச்சு, அக்காவுக்கும் அண்ணன்களுக்கும் நன்றி. கடைசியா ஒண்ணு. டிசர்டேஷன்ல நானே ஷ்ரங்கன்-2 நார்மல் ரெண்டையும் வெச்சு ஏஜிபேஸ் அளக்கலாம்னு இருக்கேன். சாம்பிள் எப்போ எடுக்கட்டும், என்ன கவனிக்கணும்?

ஜெல்ஓட்டி:
ரெண்டு லைனைத் தனித்தனியா வளத்து கம்பேர் பண்ணாத. ஹெட்டிரோசைகஸ் (ஒரு நல்ல, ஒரு கெட்ட காப்பி இருக்கற) செடியை செல்ஃப் பண்ணு, அதாவது அதோட மகரந்தத்தையே அதுக்குப் போடு, ஒரே கதிர்லயே மூணுக்கு ஒண்ணுன்னு ரெண்டும் கிடைக்கும், ஒரே வெயில், ஒரே தண்ணி, ஒரே தாய். மகரந்தம் போட்டு 20 நாள் ஒட்டி எடு, ஆனா அது ஒண்ணு மட்டும் போதாது, 12, 16, 24ன்னு முன்னப் பின்னயும் எடுத்து வை. சின்ன வயசுல கண்ணால பாத்துப் பிரிக்க முடியாது, டிஎன்ஏ பாத்துப் பிரி. கருவையும் தோலையும் எடுத்துட்டு எண்டோஸ்பெர்மை மட்டும் லிக்விட் நைட்ரஜன்ல போடு.

அமைலோஸ்அக்கா:
இதோட ஒண்ணு சேத்துக்கோ. மக்காச்சோள எண்டோஸ்பெர்ம்ல புரோட்டியேஸ் (புரோட்டீனை வெட்டற என்சைம்) ஜாஸ்தி. அரைச்ச உடனே ஏஜிபேஸோட ஒரு முனையைக் கடிச்சு எடுத்துடும், அப்புறம் ரெகுலேஷன் எல்லாம் மாறித் தெரியும். 1987ல பிளாக்ஸ்டனும் பிரைஸும் இதைத் தான் காட்டினாங்க. புரோட்டியேஸைத் தடுக்க பஃபர்ல பிஎம்எஸ்எஃப், கைமோஸ்டாட்டின் ரெண்டும் போடு. பிஎம்எஸ்எஃப் தண்ணியில நிக்காது, அரைக்கறதுக்குச் சத்த முன்னாடி சேத்துக்கோ.

பால்பருவம்:
கைமோஸ்டாட்டின் விலையைப் பாத்தேன் அக்கா. கைடுகிட்ட கேக்கறதுக்கு முன்னாடி எவ்ளோ குறைவாப் போட்டா வேலை நடக்கும்னு சொல்லுங்க, பிளீஸ்.

அமைலோஸ்அக்கா:
அதிகமா அரைக்காத, கொஞ்சமா அரை. பஃபரும் கொஞ்சமாத் தான் செலவாகும்.